இடைகழியில் இரண்டு விளக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரே அமர்ந்து ஒருவர் பேசினால் மற்ற இருவரும் ஒரே தாளத்தில் தலையாட்டும் எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நண்பர்கள் கூடித் தேடும் ஆன்மிகத்துக்குப் பெரிதும் துணை நிற்பது ஒத்த சிந்தனையா, மாறுபட்ட சிந்தனையா?" இதுதான் இன்றைய தலைப்பு. மாறுபட்ட சிந்தனையே என்று பேச வந்திருக்கிறேன். மேடை ஏறுவதற்கு முன் என் உரையை எங்கள் அணித்தலைவரிடம் காட்டினேன். பாதியை அடித்துவிட்டார். மீதிப் பாதியில்தான் நான் இப்போது நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் வந்ததும் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். "புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும்" என்று கணீரென்று சொன்னார். கைதட்டலும் வாங்கினார். பார்த்துப் பழகாவிட்டாலும் ஒத்த உணர்ச்சி இருந்தால் போதும், அதுதான் நட்பு என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, குறளில் இருக்கிற சொல் உணர்ச்சி. நீங்கள் வாதாடிக்கொண்டிருப்பது கருத்துக்கு. பரிமேலழகர் இந்தக் குறளுக்கு யாரைக் காட்டுகிறார்? கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும். ஒருவர் சோழ நாட்டு மன்னர், இன்னொருவர் பாண்டிய நாட்டுப் புலவர். அரியணையில் இருந்து பார்க்கிற உலகமும் ஓலையோடு உட்கார்ந்து பார்க்கிற உலகமும் ஒன்றா? நெஞ்சு ஒன்றாக இருந்தது. அறிவும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்க வேண்டும் என்று வள்ளுவர் எந்த அதிகாரத்தில் சொன்னார் என்று அடுத்து வருகிற பேச்சாளர் காட்டட்டும். நான் காத்திருக்கிறேன்.

யானையைத் தடவிய பார்வையற்றவர்கள் கதையை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. பௌத்த நூலில் வருகிற அந்தக் கதையில் அவர்கள் கடைசியில் கைகலப்பில் இறங்குகிறார்கள். அவர்கள் நண்பர்கள் இல்லை. இன்றைய தலைப்பு நண்பர்களைப் பற்றியது.

திருக்கோவலூருக்கு வாருங்கள். கொட்டுகிற மழை, இருட்டு. ஒரு வீட்டு இடைகழி. பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து, இடம் உண்டா என்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்காருகிறார் பொய்கையார். பேயாழ்வார் வருகிறார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நிற்கிறார்கள். பிறகு நான்காவதாக யாரோ நெருக்குவது போல இருக்கிறது. யார் என்று தெரியவில்லை. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நான் கேட்க விரும்புவது விளக்கைப் பற்றி.

பொய்கையார் என்ன விளக்கு ஏற்றுகிறார்? வையம் தகளி, அதாவது அகல்; கடல் நெய், கதிரவன் சுடர். முழுக்க வெளியே இருக்கிற விளக்கு. இத்தனை பெரிய விளக்குக்குப் பிறகு இன்னொரு விளக்கு எதற்கு? பூதத்தார் ஒத்த சிந்தனைக்காரராக இருந்திருந்தால், "ஆகா, சூரியனையே ஏற்றிவிட்டீரே" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். அவர் அப்படி நிற்கவில்லை. அன்பே தகளி, ஆர்வமே நெய், உருகுகிற சிந்தையே திரி என்று உள்ளே ஒரு விளக்கு ஏற்றுகிறார். நண்பர் வெளியே தேடினார், இவர் உள்ளே தேடினார். மூன்றாமவர் விளக்கே ஏற்றவில்லை. "திருக்கண்டேன்" என்று தொடங்கிவிட்டார். முதல் விளக்கில் புற இருளும் இரண்டாம் விளக்கில் அக இருளும் விலகிய பிறகுதான் மூன்றாமவருக்குக் காட்சி கிடைத்தது என்பது வைணவ மரபு சொல்லும் விளக்கம்.

மூவரும் கண்டது ஒரே பெருமாளைத்தானே என்று எதிரணி அம்மையார் முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம் அம்மா, கண்டது ஒருவரைத்தான். ஒரு பொருளை இரண்டு பக்கமிருந்து வெளிச்சம் போட்டுப் பார்த்தார்கள். ஒரே பக்கம் இரண்டு விளக்கை வைத்தால் எண்ணெய்தான் இரட்டிப்பாகச் செலவாகும்.

இது ஆழ்வார்களுக்குச் சரி, நம்மைப் போன்றவர்களுக்கு நடக்குமா என்றால், என் அனுபவத்தையே சொல்கிறேன். நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம், ஒரு பாட்டு எடுத்துப் படிப்போம். நான் தமிழாசிரியர். ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஒருவர் எலக்ட்ரீஷியன். நான்காமவர் ஆடிட்டர். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பிறகு ஏன் வருகிறார் என்று கேட்டால், "நீங்க என்ன தப்பு பண்றீங்கன்னு பார்க்கத்தான்" என்பார்.

ஒரு ஞாயிறு, அருணகிரிநாதரின் "சும்மா இரு சொல் அற" வந்தது. கந்தர் அனுபூதி. நான் ஆசிரியர் இல்லையா, சும்மா இருப்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை. ஆடிட்டர் மட்டும் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "சார், திருப்புகழ் மட்டுமே 1,300க்கு மேல கிடைச்சிருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. சும்மா இருன்னு உபதேசம் வாங்கின மனுஷன் இவ்வளவா பாடுவாரு? கணக்கு உதைக்குதே."

எனக்குச் சுருக்கென்றது. பதில் தேடிப் பாட்டின் அடுத்த அடிக்குப் போனேன். "அம்மா பொருள் ஒன்றும் அறிந்திலனே." சொல் அற்ற அந்த நிலையில் வேறு எந்தப் பொருளும் அறிவில் தோன்றவில்லை, அது ஞானத்தின் உச்சி. இருபது ஆண்டு வகுப்பில் நான் சொன்ன பொருள் இது. நர்ஸ் அக்கா கேட்டார், "ஏன் சார், 'சும்மா இருன்னாரு, எனக்கு ஒண்ணும் புரியலையே அம்மா'ன்னு அவர் நேராவே சொல்லியிருக்கக் கூடாதா? டாக்டர் 'இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, பக்கத்துல இருங்க'ன்னு சொல்லும்போது சொந்தக்காரங்க முகம் அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் செய்யாம எப்படி இருக்கறதுன்னு யாருக்கும் தெரியாது சார்."

இலக்கணப்படி அந்த அடிக்கு அந்தப் பொருளும் பொருந்தும். இருபது ஆண்டாக நான் எட்டிப் பார்க்காத கதவு. உச்சியில் நின்று பாடியவராகவே அவரைப் பார்த்துப் பழகிய எனக்கு, திகைத்து நிற்கிற ஒரு மனிதர் தெரிந்தார். புரியாதவர் பாடிக்கொண்டே இருப்பார் என்றால் ஆடிட்டர் கணக்கும் உதைக்காது.

எலக்ட்ரீஷியன் தம்பி அதுவரை வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எர்த் வயர் சும்மாதான் இருக்கும் சார். லைன் எல்லாம் சரியா இருந்தா அதுல கரண்ட் ஓடாது. எதுக்கு இந்தத் தண்டச் செலவுன்னு கேட்டு வாங்க மாட்டேம்பாங்க. ஆனா எங்கயாவது கசிஞ்சா, ஆளைக் கொல்லாம எல்லாத்தையும் வாங்கிக்கறது அதுதான். சும்மா இருக்கறதும் சும்மா கிடக்கறதும் வேற." சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பச்சை ஒயரை எங்கே பார்த்தாலும் எனக்கு இப்போது கந்தர் அனுபூதி நினைவுக்கு வருகிறது.

நடுவர் அவர்களே, இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் யாரும் வேண்டுமென்றே மாற்றிப் பேசவில்லை. அவரவர் வாழ்ந்ததில் இருந்து பேசினார்கள். நான் இரவு கண்விழித்து ஒரு நோயாளியின் பக்கத்தில் நின்றதில்லை, ஏணியில் ஏறி ஒயர் இழுத்ததில்லை. நான் வாழாத வாழ்க்கை என் நண்பர் வழியாகத்தான் அந்தப் பாட்டுக்குள் வர முடியும். என்னைப் போலவே நினைக்கிற நண்பர் எனக்கு ஆறுதல் தருவார், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் கொண்டுவருவது என்னிடம் ஏற்கெனவே இருப்பதுதான்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஒரு கனமான கருத்தை வைத்தார். விவாதம் அகந்தையை வளர்க்கும், அமைதி தேடி வந்த இடத்தில் வாதம் எதற்கு என்றார். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. அதற்கும் ஒரு கதை.

மூன்றாம் நூற்றாண்டு, கலிலேயக் கடலோரத் திபேரியா. யோகனான் என்ற யூத அறிஞர். அவருடைய தோழர் ரேஷ் லகீஷ், ஒரு காலத்தில் கொள்ளைக்காரராக இருந்தவர் என்கிறது யூதர்களின் சமய நூலான தல்மூது. யோகனான் அவரை வேதத்தின் பக்கம் திருப்பி, தம் சகோதரியையும் மணம் முடித்துக்கொடுத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடியே படித்தார்கள். பிற்பாடு ரேஷ் லகீஷ் இறந்துபோனார். யோகனான் துக்கத்தில் ஒடுங்கிவிட்டார். அவரைத் தேற்றுவதற்காக எலெயாசர் என்ற நல்ல அறிஞரை அனுப்பி உடன் படிக்கச் சொன்னார்கள். யோகனான் எதைச் சொன்னாலும், "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது" என்றார் எலெயாசர். எதிரணி கேட்கிற நண்பர் சரியாக இவர்தான்!

யோகனான் வெடித்தார். "நான் ஒன்று சொன்னால் அவன் 24 மறுப்புச் சொல்வான். நான் 24 விடை சொல்வேன். பொருள் தானாக விரியும். நீ ஆதாரம் இருக்கிறது என்கிறாய். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா?" உடையைக் கிழித்துக்கொண்டு, இறந்த தோழரை, லகீஷின் மகனே, நீ எங்கே, நீ எங்கே என்று அழைத்து அழுது அலைந்தார். புத்தி பேதலித்தே இறந்தார் என்று முடிகிறது கதை.

ரேஷ் லகீஷ் எதனால் இறந்தார் என்று எதிரணி கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் முழுமை பெறுகின்றன என்று வாதம் வந்தது. உலையில் காய்ச்சியதும் என்றார் யோகனான். நீரில் தோய்த்த பிறகு என்றார் ரேஷ் லகீஷ். "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா" என்று சொல்லிவிட்டார் யோகனான். அந்த ஒரு சொல்லில் நட்பு முறிந்தது. தோழர் நோயில் விழுந்தார், எழவில்லை.

24 மறுப்பைத் தாங்கிய நட்பு ஒரு குத்தலைத் தாங்கவில்லை. அதுவும் எந்தக் குத்தல்? வாளைப் பற்றி அந்த அறையில் கையால் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வாழ்ந்த வாழ்க்கை அந்தப் படிப்புக்குக் கொண்டுவந்த செல்வம் அது. அதையே எடுத்து அவர் மேல் வீசினார் யோகனான். ஐயா, நீங்கள் அஞ்சுகிற அகந்தை இங்கே இருக்கிறது. மறுத்துப் பேசியவரிடம் அது இல்லை. மறுப்பைப் பொறுக்காத அந்த நொடியில்தான் தலைகாட்டியது.

1885இல் கல்கத்தாவில் ராமகிருஷ்ணர், கடவுள் மனித வடிவில் வருவாரா என்று பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரரையும் நாடக ஆசிரியர் கிரீஷ் கோஷையும் மோதவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தார். ஆங்கிலத்தில் வாதாடுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். நம் நடுவரும் அந்தக் கட்சிதான் என்று அவர் சிரிப்பிலேயே தெரிகிறது.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிடம்.

எங்கள் ஆடிட்டர் வேலை மாற்றலில் வெளியூர் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த மூன்று ஞாயிறுகளும் அரை மணி நேரத்தில் பாட்டு முடிந்தது. நான் சொன்னேன், அவர்கள் இருவரும் சரி என்றார்கள். நான்காவது ஞாயிறு நர்ஸ் அக்கா போனை எடுத்து அவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார். பாட்டைப் படித்துப் பொருளும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று தம்பி குனிந்து பார்த்தார்.

"இல்லையே சார், இடிக்குதே" என்றது போன்.

மூன்று பேரும் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டோம்.

வணக்கம்.