பச்சை ப்ளம் வந்தாச்சு! திபிலிசி சமையலறையில் ட்கெமாலி

வணக்கம் மக்களே! முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நெல்லிக்காய் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். இருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். நெல்லிக்காய்க்கு உள்ள வரிகள் இதில் இல்லை, பாருங்கள். தோல் வழவழப்பாக இருக்கிறது, ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய கோடு ஓடுகிறது, மேலே லேசாக மாவு பூத்த மாதிரி ஒரு படலம். இதுதான் பச்சை ப்ளம். ஜார்ஜியாவில் ட்கெமாலி என்பார்கள். மரத்துக்கும் அந்தப் பெயர்தான், அதில் செய்கிற சாஸுக்கும் அந்தப் பெயர்தான். குழம்பிவிடாதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: நான் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். நம் ஊரிலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் நிறைய. அதனால் இந்த வீடியோ பாதி அவர்களுக்கு, பாதி ஊரில் இருக்கும் உங்களுக்கு.

சரி, பழத்துக்கு வருவோம். ஏப்ரல் பிற்பாதியில் சந்தைக்கு வர ஆரம்பிக்கும். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் டெஸெர்ட்டர் பஜார் என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் ராணுவத்தை விட்டு ஓடி வந்த சிப்பாய்கள் தங்கள் துப்பாக்கிகளை அங்கே விற்றார்களாம், அதனால் அந்தப் பெயர். இப்போது அங்கே கீரை, பாலாடைக்கட்டி, மசாலா, ஊறுகாய்தான். இந்தச் சீசனில் பாட்டிமார்கள் வாளியில் பச்சை ப்ளமைக் குவித்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே கொத்தமல்லி, டில் கீரை, பச்சைப் பூண்டு என்று ட்கெமாலிக்கு வேண்டியது எல்லாவற்றையும் பரப்பிவிடுவார்கள். நீங்கள் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்தால், "கீரை வேண்டாமா?" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள், தருவார்கள். கடித்தால் நொறுக்கென்று உடைய வேண்டும். தோல் சுருங்கி இருந்தாலோ, அழுத்தினால் அமுங்கினாலோ, அது பறித்து நாளாகிவிட்டது. மஞ்சள் ஏற ஆரம்பித்த பழம் கெட்டது என்று நினைக்காதீர்கள், பழுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பச்சை சாஸுக்கு அது வேண்டாம்.

இப்போது வகைகள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "பச்சை ப்ளம்" என்று நெட்டில் தேடினால் சம்பந்தமே இல்லாத இரண்டு, மூன்று பழங்கள் ஒன்றாகக் கலந்து வரும்.

என் கையில் இருப்பது செர்ரி ப்ளம் என்ற இனம், தாவரவியல் பெயர் ப்ரூனஸ் செராசிஃபெரா. காக்கசஸ் மலைப் பகுதியில் காட்டிலேயே வளரும். நாம் கடையில் வாங்குகிற பெரிய ஐரோப்பிய ப்ளம் இருக்கிறதே, அது உருவானதில் இதற்கும் பங்கு உண்டு என்பது தாவரவியலாளர்களின் நெடுநாள் கருத்து. இதன் பழம் சிறியது, இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். இப்போது பச்சையாக இருப்பது, விட்டுவைத்தால் மரத்தைப் பொறுத்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ பழுக்கும். இதே இனத்தில் கொஞ்சம் பெரிதாக, இனிப்பாக வருவதை இங்கே அலுச்சா என்கிறார்கள். அது சும்மா சாப்பிட.

துருக்கிக்காரர்கள் "ஜான் எரிக்" என்று உயிரை விடுவதும், ஈரானியர்கள் "கோஜே சப்ஸ்" என்று கொண்டாடுவதும் இதே மாதிரியான பச்சை ப்ளமைத்தான். அங்கெல்லாம் உப்பைத் தொட்டுக்கொண்டு பச்சையாகவே தின்பார்கள். இங்கேயும் பிள்ளைகள் அப்படித்தான். ஈரானில் இதைப் புதினா, பார்ஸ்லியோடு கறியில் போட்டு சமைப்பதும் உண்டு.

அடுத்தது க்ரீன்கேஜ். அது வேறு கதை. இங்கிலாந்து, பிரான்ஸ் பக்கம் விளைவது. பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும், ஆனால் தேன் மாதிரி இனிக்கும். பிரெஞ்சில் ரேன் க்ளோட் என்பார்கள், 16ஆம் நூற்றாண்டில் இருந்த க்ளோட் அரசியின் பெயர். அதை வைத்து ட்கெமாலி செய்தால் ஜாம்தான் வரும்.

மூன்றாவதுதான் முக்கியம், கவனியுங்கள். ஜப்பானின் உமே. ஆங்கிலத்தில் அதையும் ப்ளம் என்றே எழுதுகிறார்கள், உண்மையில் அது ஆப்ரிகாட்டுக்கு நெருங்கிய சொந்தம். பச்சை உமேவை அப்படியே கடித்துச் சாப்பிடக் கூடாது. அதில் அமிக்டாலின் என்ற பொருள் இருக்கிறது, வயிற்றுக்குள் போனால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். அதனால்தான் ஜப்பானில் உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து உமேபோஷியாகவோ, மதுவில் மாதக்கணக்கில் போட்டு உமேஷுவாகவோதான் பயன்படுத்துகிறார்கள். டோக்கியோவில், ஒசாகாவில் இருக்கும் நம் ஆட்கள் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, பச்சையாக இருக்கிறதே என்று உப்பைத் தொட்டுக் கடித்துவிடாதீர்கள்.

ட்கெமாலிக்கும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் அதே அமிக்டாலின் உண்டு. சதையில் பயமில்லை. தவறி ஒரு கொட்டையை முழுதாக விழுங்கிவிட்டால் பதற வேண்டாம். உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்பதுதான் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும்.

சரி, அடுப்பைப் பற்ற வைக்கிறேன். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் வேண்டாம், இவ்வளவு புளிப்புக்கு அது ஒத்துவராது, உலோக வாடை ஏறிவிடும்.

ஒரு கிலோ பழம், காம்பு எடுத்துக் கழுவியது. ஒரு டம்ளர் தண்ணீர். கொட்டையை இப்போது எடுக்க முயற்சி செய்யாதீர்கள், பச்சையில் அது சதையை விடவே விடாது. மூடி போட்டு மிதமான தீயில் வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் வெடித்துக் குழைந்துவிடும். பாருங்கள், அந்தப் பளிச்சென்ற பச்சை போய், ஒரு மங்கலான இலைப் பச்சைக்கு வந்துவிட்டது. புளிப்பான எதையும் வேகவைத்தால் பச்சை நிறம் நிற்காது. நிறத்தைக் கடைசியில் கீரையை வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும்.

இந்தக் கைப்பக்குவம் எங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் கற்றது. வெந்த நீரை வடித்துத் தனியே வைத்துக்கொண்டு, பழத்தை மட்டும் கண்ணுள்ள வடிதட்டில் போட்டுக் கையால் தேய்ப்பார்கள். தோலும் கொட்டையும் மேலே நிற்கும், கூழ் கீழே இறங்கும். மிக்ஸியில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கொட்டை உடையும், அதனால் கூடாது. கையால் தேய்த்தால் கிடைக்கும் கொரகொரப்பும் மிக்ஸியில் வராது. கூழ் கெட்டியாக இருந்தால் எடுத்து வைத்த நீரை ஊற்றித் தளர்த்தலாம்.

இன்னொரு பக்கம் உரலில் ஐந்தாறு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் தனியா போட்டு இடிக்கிறேன். கொத்தமல்லித் தழை ஒரு பெரிய கைப்பிடி. டில் கீரை அதில் பாதி. ஊரில் சதகுப்பைக் கீரை என்று கேட்டால் கொடுப்பார்கள். கொத்தமல்லித் தண்டையும் சேர்த்தே நறுக்குங்கள், வாசனை அதில்தான் இருக்கிறது.

அப்புறம் இதோ, ஓம்பாலோ. புதினா குடும்பத்துச் செடி, காய்ந்த இலை. முகர்ந்தால் புதினாவை விடக் காட்டமாக, கொஞ்சம் மருந்து வாடையோடு இருக்கும். இது இல்லாமல் செய்தால் ட்கெமாலியே இல்லை என்று இங்கே அடித்துச் சொல்வார்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் போட வேண்டாம். இதிலிருந்து எடுக்கும் எண்ணெய் கல்லீரலுக்கு விஷம், கருவுக்கும் ஆபத்து. சாஸில் போடும் சிட்டிகை இலையும் அந்த எண்ணெயும் ஒன்றில்லைதான். ஆனாலும் கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் நானாக இருந்தால் இதை விட்டுவிட்டுச் சாதாரணப் புதினாவைப் போடுவேன். பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது.

கூழை மறுபடி அடுப்பில் ஏற்றி, இடித்ததைச் சேர்த்து, இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிட்டுத் தழைகளைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது. தழையைப் போட்டபின் கொதிக்கவிடாதீர்கள். புளிப்பு தாங்க முடியவில்லை என்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரை. வீட்டுக்கார அம்மா பார்த்தால் திட்டுவார்கள், ஆனால் நான் போடுவேன்.

கேட்டுக்கொண்டே வந்தீர்கள் என்றால் உங்களுக்கே புரிந்திருக்கும். இங்கே இதை யாரும் பழமாக நினைப்பதே இல்லை. நமக்குப் புளி எப்படியோ, இவர்களுக்கு இந்தப் பச்சைக் காய் அப்படி. பழமாக நினைத்து வாங்கி, ஒன்று கடித்துவிட்டு, "ஐயோ, இதைப் போய்" என்று ஒதுக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. சமையலுக்கான புளிப்பு என்று நினைத்து வாங்குங்கள், அப்புறம் பாருங்கள்.

உதாரணமாகச் சாகாபுலி. ஆட்டுக்கறி, வெங்காயத்தாள், கொத்தமல்லி, டாராகன் என்ற இன்னொரு தழை, வெள்ளை ஒயின், அதில் இந்தப் பச்சை ப்ளம் முழுசு முழுசாக. எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது, எல்லாவற்றையும் அடுக்கி மூடி வேகவைப்பார்கள். இங்கே இது ஈஸ்டர் சாப்பாடு. ஈஸ்டருக்கு முன் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நீண்ட நோன்பு இருப்பார்கள், கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. அது முடிந்ததும் இளங்கறியும், மரத்தில் அப்போதுதான் பிடித்த பிஞ்சுக் காயும் சேர்ந்த இந்தப் பானை. ஈஸ்டர் சீக்கிரமே வந்து, காய் இன்னும் பிடிக்கவில்லை என்றால், போன வருட பாட்டிலைத் திறந்து ட்கெமாலியை ஊற்றிவிடுவார்கள்.

சைவக்காரர்களுக்கு லோபியோ. ராஜ்மாவை வேகவைத்து மசித்து, ட்கெமாலி, கொத்தமல்லி சேர்ப்பது. என்னைக் கேட்டால் சாகாபுலியை விட இதுதான் மேல். பொரித்த உருளைக்கிழங்குக்கும், சுட்ட கறிக்கும் இந்த சாஸ் கட்டாயம். இங்கே படிக்கும் நம் பையன்கள் மீன் குழம்பில் புளி தீர்ந்துபோனால் இதையே கரைத்து ஊற்றுகிறார்கள். நன்றாகவே இருக்கிறது. பூண்டு போடாத வெறும் கூழாக இருந்தால் ரசம்கூட வைக்கலாம்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பீர்கள். நல்லதுதான், ஆனால் நெட்டில் எழுதுகிற அளவுக்கு இல்லை. பழுத்த ப்ளமில் 100 கிராமுக்கு வைட்டமின் சி 10 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கொய்யாவில் 200ஐத் தாண்டும். நார்ச்சத்து ஒன்றரை கிராம்போல, பொட்டாசியம் 150 மில்லிகிராமுக்குச் சற்று மேல். காயில் சர்க்கரை இன்னும் குறைவு, அது ஒரு வசதி. "பச்சை ப்ளம் எலும்பைக் காக்கும், மலச்சிக்கலைத் தீர்க்கும்" என்று வருகிறதே, அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ப்ரூன் என்கிற உலர்ந்த ப்ளமை வைத்து நடந்தவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாள்தோறும் 50 கிராம் ப்ரூன் கொடுத்துப் பார்த்த ஆய்வை எடுத்து, பச்சைக் காயின் தலையில் கட்டிவிடுகிறார்கள். காயும் வற்றலும் ஒன்றா?

எனக்குப் பிடித்த ஒரு பயன் உண்டு. பயறு, பீன்ஸில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே புளிப்பும் வைட்டமின் சியும் இருந்தால் உறிஞ்சுவது கூடும். வேகவைத்ததில் வைட்டமின் கொஞ்சம் போயிருக்கும், பச்சைத் தழை அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் லோபியோவும் ட்கெமாலியும் நல்ல ஜோடி.

அசிடிட்டி உள்ளவர்கள் வெறும் வயிற்றில் தொடாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்னும் பழக்கத்தை விடுங்கள், அங்கே பிரச்சினை பழம் இல்லை, உப்பு. தின்ற உடனே பல் தேய்க்க ஓடாதீர்கள். புளிப்பில் எனாமல் இளகி இருக்கும், வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத் தேயுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு: ட்கெமாலிக் காய் கிடைக்காது. ஆனால் கொடைக்கானல், நீலகிரி பக்கம் ப்ளம்ஸ் விளைகிறது. மே மாதம் போகிறவர்கள் நன்றாகப் பழுக்காத, கெட்டியான காயாகக் கேட்டு வாங்குங்கள். இனம் வேறு, சதை கூடுதல், புளிப்பு கொஞ்சம் குறையும். ஓர் எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும்.

கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த பாட்டிலில் சூடாக ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எண்ணெய் இருக்கிறதே என்று வெளியே வைக்காதீர்கள். ஜூலையில் சிவப்புப் பழம் வந்ததும் சிவப்பு ட்கெமாலியும், கூழைத் தட்டில் பரப்பிக் காயவைக்கும் ட்க்லாபியும் செய்து காட்டுகிறேன். அது நம் மாம்பழத் திரைக்கு அக்கா முறை. இப்போது உருளைக்கிழங்கு பொரிந்துவிட்டது, ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். பை மக்களே!