வெள்ளிப் பதக்கக்காரர் யார்?

அவையோருக்கு வணக்கம். உங்களில் பலரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். 1968, மெக்சிகோ நகர ஒலிம்பிக். ஆண்கள் 200 மீட்டர் ஓட்டத்துக்குப் பதக்கம் வழங்கும் மேடை. கறுப்பினத்தைச் சேர்ந்த இரண்டு அமெரிக்க வீரர்கள் தலையைக் குனிந்து, இனவெறிக்கு எதிர்ப்பாகக் கறுப்புக் கையுறை மாட்டிய முஷ்டியை வானத்தை நோக்கி உயர்த்தியபடி நிற்கிறார்கள். டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ். பெயர்கள் மறந்திருக்கலாம், அந்த முஷ்டிகளை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள்.

மேடையில் இன்னொருவரும் நிற்கிறாரே, அவர் யார்? முன்வரிசையில் ஒரு கை எழுந்து, எழுந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. வெட்கப்பட வேண்டாம். நானும் பல ஆண்டுகள் அவரைப் பார்க்காமலேயே அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான்.

அவர் பீட்டர் நார்மன். ஆஸ்திரேலியர், வெள்ளையர். 20.06 விநாடிகளில் ஓடி, கார்லோஸை முந்தி வெள்ளி வாங்கியவர். கை உயர்த்தாமல் நேராக நிற்பதால், ஏதோ தவறான நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்டவர் போலத் தோன்றுவார். படத்தைக் கொஞ்சம் அருகில் கொண்டுவந்து அவருடைய இடப்பக்க மார்பைப் பாருங்கள். வட்டமாக ஒரு பேட்ஜ் குத்தியிருக்கிறது. ஸ்மித்தும் கார்லோஸும் அணிந்திருக்கும் அதே மனித உரிமை இயக்கத்தின் பேட்ஜ். மேடைக்குப் போவதற்கு முன், அமெரிக்கப் படகு அணியைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்டு வாங்கி அதைக் குத்திக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்மித் உயர்த்தியிருப்பது வலக்கை, கார்லோஸ் உயர்த்தியிருப்பது இடக்கை. இதற்குப் பெரிய தத்துவ விளக்கங்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கார்லோஸ் தன் கையுறைகளைத் தங்குமிடத்திலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார். இருப்பது ஒரே ஜோடி, ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்களேன் என்று யோசனை சொன்னவர் நார்மன். உலகமே போற்றும் அந்தக் காட்சியின் அமைப்பில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் மேடையில் அவர் முன்னால் நின்றதால், பின்னால் நடந்ததைக் கண்ணால் பார்க்க முடியாமல் போனவரும் அவரேதான்!

இனி எச்சரிக்கையாகப் பேச வேண்டிய பகுதி. இந்தக் கதையை இப்போது தேடி எடுத்துச் சொல்பவர்கள், நார்மனை அவருடைய நாடு பழிவாங்கியது, 1972 ஒலிம்பிக்குக்குத் தகுதி இருந்தும் வேண்டுமென்றே ஒதுக்கியது என்று முடிப்பார்கள். ஆஸ்திரேலிய ஒலிம்பிக் அமைப்பு இதை மறுக்கிறது. அந்த ஆண்டுத் தேர்வு ஓட்டத்தில் அவர் மூன்றாவதாக வந்தார் என்பதும் பதிவில் இருக்கிறது. மறுபக்கம், 2012இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவரை நடத்திய விதத்துக்காக மன்னிப்புக் கோரியதும் உண்மை. மறந்துபோன ஒருவரைத் திரும்ப அழைத்து வரும்போது கையோடு ஒரு தியாகி வேடத்தையும் மாட்டிவிட நமக்குக் கை துறுதுறுக்கிறது. அவருக்கு அது தேவையே இல்லை. அவருடைய 20.06 விநாடி, 2024 டிசம்பரில் கவுட் கவுட் என்ற பதினாறு வயதுப் பையன் முறியடிக்கும்வரை ஆஸ்திரேலியச் சாதனையாகவே நின்றது. 2006இல் நார்மன் இறந்தபோது, ஸ்மித்தும் கார்லோஸும் கடல் கடந்து வந்து சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள்.

இதே மறதியைப் பார்க்கத் திரையிசைக்குப் போவோம். 1949இல் 'மகல்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் ஒரு பாட்டு நாடு முழுவதும் பித்துப் பிடிக்க வைத்தது. இசைத்தட்டில் பாடகியின் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது கதாநாயகியின் பாத்திரப் பெயர். பாடியவர் யார் என்று கேட்டு நேயர்கள் வானொலிக்குக் கடிதம் எழுதித் தள்ள, நிலையத்தார் இசைத்தட்டு நிறுவனத்திடம் விசாரித்தே பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெயர் லதா மங்கேஷ்கர். லதாவுக்கே இந்தக் கதி என்றால், கடிதம் எழுத யாரும் இல்லாத குரல்கள் எத்தனை போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிலிம்ஃபேர் பின்னணிப் பாடகர்களுக்கென்று ஒரு விருதைத் தொடங்கியது 1959இல்தான்.

நான் உண்மையில் பேச வந்தது இன்னொருவரைப் பற்றி. பல்வங்கர் பாலு. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். தோல் தொழில் செய்யும், தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூனாவில் ஆங்கிலேயர் கிளப் ஒன்றில் மைதான ஊழியராக இருந்தார். ஆடுகளத்தை உருட்டிச் சமன் செய்வது, கோடு போடுவது, வலை கட்டுவது அவர் வேலை. உறுப்பினர்கள் பயிற்சிக்கு வந்தால் பந்து வீச வேண்டும். மணிக்கணக்கில் வீசுவார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கமாட்டார்கள், அது துரைமார்களின் வேலை. இப்படி அவர்களுக்கு வீசி வீசியே அவர் தேறினார்.

அந்நாளில் கிரிக்கெட் அணிகள் மதவாரியாகப் பிரிந்திருந்தன. ஆங்கிலேயரைத் தோற்கடிக்க இந்து அணிக்கு ஆள் தேவைப்பட்டது. பாலுவைச் சேர்க்கலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதம். கடைசியில் வெற்றி ஆசை வென்றது. சேர்த்தார்கள். எப்படிச் சேர்த்தார்கள் தெரியுமா? மைதானத்தில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். பிடித்தார்கள், துடைத்தார்கள், திருப்பி எறிந்தார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே, குடித்தபின் தூக்கி எறியும் மண் குவளையில் கொடுத்தார்கள். அந்தப் பந்து எதனால் செய்தது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

1911இல் இங்கிலாந்துக்குப் போன முதல் அகில இந்திய அணியில் பாலு இருந்தார். பாட்டியாலா மகாராஜா தலைமை. அந்த அணி பெரும்பாலும் தோற்றுக்கொண்டே வந்தது. பாலு மட்டும் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். இருந்தும் இந்து அணியின் தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

இவ்வளவு பெரிய மனிதர் ஏன் நம் சுவர்களில் படமாகத் தொங்கவில்லை? என் ஊகத்தைச் சொல்கிறேன். நாடு திரும்பிய பாலுவைக் கொண்டாடியவர்களுள் இளைஞர் அம்பேத்கரும் ஒருவர். பிற்பாடு அரசியல் இருவரையும் பிரித்தது. தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதிகள் வேண்டும் என்றார் அம்பேத்கர், கூடாது என்றார் காந்தி. 1932இல் இந்தப் பிரச்சினையில் பாலு, இன்னொரு தலித் தலைவரான எம்.சி. ராஜாவோடு சேர்ந்து காந்தியின் பக்கம் நின்றார். அந்தப் பிரச்சினையை முடித்துவைத்த பூனா ஒப்பந்தத்தில் பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில், பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலு. ஏறத்தாழ 2,000 வாக்குகளில் தோற்றார்.

அம்பேத்கரைப் போற்றுகிறவர்களுக்கு அந்த வேட்புமனு உறுத்தும். காங்கிரஸ் வரலாறு எழுதுகிறவர்களுக்கு, அம்பேத்கருக்கு எதிராகத் தங்கள் கட்சி ஒரு தலித்தை நிறுத்தியது உறுத்தும். கிரிக்கெட் ரசிகர்களுக்கு அந்த மண் குவளை உறுத்தும். எந்தப் பக்கத்து மேடையில் அவரை ஏற்றினாலும், அவர் வாழ்க்கையில் ஏதாவது ஒரு பாதியைச் சொல்லாமல் விட வேண்டியிருக்கிறது. 1955இல் பாலு காலமானார். அவர் எடுத்த விக்கெட்டுகள் எல்லாம் பழைய ஆட்டப் பதிவேடுகளில் அப்படியே இருக்கின்றன.