சமம் என்று எண் சொல்லும்போது

நேயர்களுக்கு வணக்கம். சதுரங்கப் பலகையில் உள்ள ஒரே நிலையைக் கிராண்ட்மாஸ்டர் ஒருவரிடமும் கணினி நிரல் ஒன்றிடமும் காட்டினால், நிரல் 0.00 என்று, அதாவது ஆட்டம் சமம் என்று மதிப்பிடக்கூடும். கிராண்ட்மாஸ்டரோ, 'கறுப்புக்கு மிகவும் கடினம்' என்பார். இரண்டும் சரியாக இருக்க முடியும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கணினியின் மதிப்பீட்டுக்கு அடிப்படை வகுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 எனக் காய்களுக்கு மதிப்பிட்டு, சிப்பாய்களின் அமைப்பையும் காய்கள் நகரக்கூடிய கட்டங்களையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 1950இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார். 1997இல் அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் நிறுவனத்தின் கணினி டீப் புளூ, ஏறத்தாழ இதே வழியில் நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது.

மனிதர் பார்க்கும் விதம் வேறு. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட், ஆட்டக்காரர்களை உரக்கச் சிந்திக்கச் சொல்லிக் கவனித்தபோது, மாஸ்டர்கள் மற்றவர்களைவிடப் பெரிதும் ஆழமாகக் கணக்கிடவில்லை என்பதையும், நல்ல நகர்வு தொடக்கத்திலேயே அவர்கள் கண்ணில் படுகிறது என்பதையும் கண்டார். 1973இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. உண்மையான ஆட்டத்தின் நிலையைச் சில நொடிகள் பார்த்துவிட்டு மீண்டும் அடுக்குவதில் மாஸ்டர்களுக்கு இருந்த மேன்மை, காய்களைத் தாறுமாறாக வைத்தபோது பெரும்பாலும் மறைந்துபோயிற்று. அவர்கள் நினைவில் இருந்தவை தனித்தனிக் காய்கள் அல்ல, பழகிய அமைப்புகள்.

இப்போது அந்த 0.00க்கு வருவோம். இருபுறமும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இராது என்பதே அதன் பொருள். ஆனால் அந்தச் சமநிலையைக் காக்கக் கறுப்பு அடுத்தடுத்து ஐந்து முறை ஒரே ஒரு சரியான நகர்வைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கலாம். வெள்ளைக்கோ எப்படி ஆடினாலும் பெரிய தீங்கு நேராமலிருக்கலாம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, களைத்த மனிதரால் அந்த ஒற்றையடிப் பாதையில் நடக்க முடியுமா என்பதைத்தான் கிராண்ட்மாஸ்டர் எடைபோடுகிறார். நேரலையில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, 'இதுகூடத் தெரியவில்லையா' என்று ஆட்டக்காரரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று.

நிரலின் பார்வைக்கும் மனிதரின் பார்வைக்கும் உள்ள இந்த இடைவெளி ஓரளவு குறைந்துள்ளது. தன்னுடனேயே ஆடிக் கற்ற ஆல்ஃபாஸீரோ என்ற நிரல், 2017இல் நொடிக்குச் சுமார் 80 ஆயிரம் நிலைகளை மட்டுமே ஆராய்ந்து, கோடிக்கணக்கில் ஆராய்ந்த ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலை, 100 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் வென்றது. போட்டியின் நிபந்தனைகளில் குறை கண்டவர்களும் உண்டு. 2020இல் ஸ்டாக்ஃபிஷும், எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்று நிலைகளை மதிப்பிடும் நரம்பணு வலைப்பின்னலை ஏற்றது.

இருந்தும், சிப்பாய்கள் ஒன்றையொன்று முட்டி நின்று பலகை முழுவதும் அடைபட்ட கோட்டை போன்ற நிலைகளில், எதிரி நுழைய வழியே இல்லை என்பதை மாஸ்டர் சட்டென்று உணர்ந்துவிடுவார். நிரல் நெடுநேரம் ஒரு பக்கத்துக்குப் பெரிய சாதகம் காட்டிக்கொண்டிருப்பதுண்டு. மறுபுறம், தாக்குதலின் நடுவே குதிரையைப் பின்னுக்கு இழுக்கும் நகர்வை நிரல் தயங்காமல் கண்டுகொள்கிறது. முன்னேறும் காய்களையே பார்த்துப் பழகிய மனிதக் கண் அதைத் தவறவிட்டுவிடுகிறது.