லிஃப்ட் பண்ண ஜிம்னி ஏன் இப்படித் தூக்கிப் போடுது?

[காட்சி: மண் ரோடு. பின்சீட்டில் ஒரு அம்மா, கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கிறார். கை மட்டும் திரை முழுக்க.]

வணக்கம். நீங்க பாக்குறது எங்க அம்மாவோட கை. என் மாருதி ஜிம்னிக்கு, வண்டியை ரெண்டு இன்ச் உயர்த்துற லிஃப்ட் கிட் போட்ட மறுவாரம் எடுத்தது. வேகம் 30கூட இல்ல. இறங்கினதும், "இடுப்பு விட்டுப்போச்சுடா, இனிமே நான் பஸ்லயே வந்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க.

கிட் மாட்டின இடத்துல கேட்டா, "தூக்கின வண்டி அப்படித்தாங்க இருக்கும்"னாங்க. நானும் நம்பிட்டேன். ஆனா வண்டியோட உயரம் வேற, ஸ்பிரிங்கோட கெட்டித்தனம் வேற. இந்த வீடியோ முழுக்க அதைப் பத்திதான்.

[காட்சி: வண்டிக்கு அடியில் இருந்து. முன் ஆக்சில், காயில் ஸ்பிரிங், ரேடியஸ் ஆர்ம்.]

2023-ல இந்தியாவுல விற்பனைக்கு வந்த ஐஞ்சு கதவு ஜிம்னி இது. எடை கிட்டத்தட்ட 1,200 கிலோ. கம்பெனி கொடுக்குற கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, 210 மி.மீ. முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரே உருட்டா போற ஆக்சில். ஒரு பக்கம் கல்லு மேல ஏறினா அந்த ஆட்டம் அடுத்த பக்கத்துக்கும் போகும். அதனால கொஞ்சம் குலுக்கல் பிறவியிலேயே இருக்கு, அதை முழுசா எடுக்க முடியாது. ஆனா பழைய ஜிப்ஸி மாதிரி பட்டை ஸ்பிரிங் இல்ல, நாலு பக்கமும் காயில்தான். அதனால நல்லா மென்மையா ஓட்ட முடியும்.

முதல்ல காசு செலவில்லாத வேலை. டயர் காத்து.

லிஃப்ட் பண்றவங்க கம்பெனி போட்ட 195/80 R15 டயரைக் கழட்டிட்டுப் பெருசா ஒண்ணு போடுவோம். அதுல பல டயரோட பக்கச்சுவர் பாரம் ஏத்துற வண்டிக்குன்னே கெட்டியா செஞ்சது. அதுல வழக்கம்போல 35 பி.எஸ்.ஐ. காத்து அடிச்சா, சின்னக் கல்லுகூட முதுகுக்கு வரும். காலையில டயர் சூடாகுறதுக்கு முன்னாடி அளந்துக்கங்க. அரை மணி நேரம் தார் ரோட்டுல ஓட்டிட்டுத் திரும்ப அளங்க. 4 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறியிருந்தா சரியா இருக்குன்னு ஆஃப்ரோடு ஓட்டுறவங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. அதைவிட ரொம்ப ஏறினா காத்து கம்மி. ஏறவே இல்லன்னா அதிகம். கரடுமுரடான பாதையில மெதுவா போறப்ப இந்த எடைக்கு 20 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கலாம். ஆனா தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி கட்டாயம் திரும்ப அடிச்சிடணும். கம்மிக் காத்துல வேகமா போனா டயர் சூடாகி வெடிக்கும்.

[காட்சி: தரையில் இரண்டு காயில் ஸ்பிரிங், பக்கத்தில் டேப்.]

இப்ப முக்கியமான விஷயம். வண்டியை 50 மி.மீ. தூக்க ரெண்டு வழி இருக்கு. அதே கெட்டித்தனத்துல நீளமான ஸ்பிரிங் போடலாம், இல்ல கெட்டியான ஸ்பிரிங் போடலாம். உயரம் ரெண்டுலயும் ஒண்ணுதான், சவாரிதான் வேற.

உதாரணத்துக்கு ஒரு ஸ்பிரிங் மேல 300 கிலோ நிக்குதுன்னு வெச்சுக்குவோம். மி.மீட்டருக்கு 3 கிலோ தாங்குற ஸ்பிரிங்னா 100 மி.மீ. அமுங்கும். வண்டி நொடிக்கு சுமார் 1.6 தடவை ஆடும். 4 கிலோ தாங்குறதுன்னா 75 மி.மீ. தான் அமுங்கும், ஆட்டம் 1.8 ஆயிடும். கேக்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனா சொகுசா இருக்குற கார்கள் ஒண்ணுல இருந்து ஒண்ணரைக்குள்ளதான் ஆடும். அதைத் தாண்டத் தாண்ட உடம்புக்கு உடனே தெரிஞ்சிடும்.

ஒரே உயரத்துக்கு ரெண்டு மூணு எடைக்கான ஸ்பிரிங் கிடைக்குது. இரும்பு பம்பர், மாட்டிக்கிட்ட வண்டியை இழுக்குற வின்ச்னு மாட்டினவங்களுக்கு ஒண்ணு, வெறும் வண்டிக்கு ஒண்ணு. என் வண்டியில இருந்தது பம்பர் வண்டிக்கானது. எங்கிட்ட பம்பரே இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி லாரி நிறுத்துற எடைமேடைக்குப் போய், முன் ஆக்சில் தனியா, பின் ஆக்சில் தனியா எடை போட்டு வாங்கிக்கங்க. வழக்கமா எத்தனை பேர் போவீங்களோ அத்தனை பேரும் உள்ள இருக்கணும். அந்தச் சீட்டைக் காட்டி ஸ்பிரிங் கேளுங்க.

[காட்சி: ரேடியஸ் ஆர்ம் முனையில் ரப்பர் புஷ், மிக அருகில்.]

ஆக்சிலை வண்டியோட சட்டத்தோட இணைக்குற கம்பிதான் ரேடியஸ் ஆர்ம். அதோட முனையில இருக்குற இந்த ரப்பர் புஷ்ஷைப் பாருங்க. வெளி வளையம், உள் குழாய், ரெண்டுக்கும் நடுவுல ஒட்டின ரப்பர். ஆர்ம் மேல கீழ போறப்ப ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்குது. ஒர்க்ஷாப்புல வண்டியைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டபடியே போல்ட்டை இறுக்கிட்டா, அந்தத் தொங்குற நிலையிலேயே ரப்பர் பிடிச்சுக்கும். கீழ இறக்கினதும் முறுக்கின கயிறு மாதிரி எதிர்த்துக்கிட்டே நிக்கும். எல்லா போல்ட்டையும் லூஸ் பண்ணி, நாலு சக்கரமும் தரையில நிக்க, வண்டியை ரெண்டு தடவை ஆட்டிவிட்டுத்தான் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கணும். நான் இதைச் செஞ்ச அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. செலவு ஒரு மணி நேரம்தான்.

தூக்கினதுல ஆர்ம் சாய்ஞ்சு, ஸ்டியரிங்கை நேருக்குக் கொண்டுவர உதவுற சாய்வு, அதாவது காஸ்டர் கோணமும் குறையும். ஸ்டியரிங் தானா நேருக்கு வராது, நெடுஞ்சாலையில பிடிச்சுக்கிட்டே இருக்கணும். துளை நடுவுல இல்லாம தள்ளி இருக்குற ஆஃப்செட் புஷ் போட்டா சரியாகும். ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற பன்ஹார்ட் ராடும் அதிகமா சாய்ஞ்சிடுறதால, குழியில இறங்குறப்ப ஆக்சில் பக்கவாட்டுல தள்ளும். அதுக்கு பிராக்கெட் இருக்கு. இதெல்லாம் செய்யுறப்ப ஒண்ணு மனசுல இருக்கட்டும்: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்துறதைக் கட்டுப்படுத்துது. இன்சூரன்ஸ் ஆள்கிட்டயும் முன்னாடியே பேசிடுங்க.

[காட்சி: ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு கேபிள் டை.]

கடைசியா ஷாக் அப்சார்பர். பழைய நீளத்துலயே விட்டா, சக்கரம் குழியில இறங்குறப்ப ஷாக் முழுசா விரிஞ்சு "டங்"குன்னு இழுபடும். அந்தச் சத்தம் கேட்டா நீளமான ஷாக் வேணும், கூடவே சஸ்பென்ஷன் அளவுக்கு மேல அமுங்காம தடுக்கிற பம்ப் ஸ்டாப்பையும் கீழ இறக்கணும். இல்லன்னா புது ஷாக் உள்ளேயே முட்டி உடையும்.

புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேபிள் டை வாங்குங்க. ஷாக் தண்டுல கட்டி, ஷாக்கோட உருளையை ஒட்டி வெச்சுட்டு, வழக்கமான பாதையில ஓட்டிட்டு வாங்க. டை எங்க போய் நிக்குதோ அதுவரைக்கும்தான் அமுங்கியிருக்கு. என்னோடதுல ரெண்டு விரல் அகலம்கூட நகரல. பம்பர் வண்டி ஸ்பிரிங்கைக் கழட்டி, எடைச்சீட்டுக்குத் தக்கதைப் போட்டப்புறம் அதே பாதை.

[காட்சி: அதே கேபிள் டை, நாலு விரல் அகலம் தள்ளி. வெட்டு. அதே பின்சீட்டு. அம்மாவின் கை மடியில் இருக்கிறது.]