ஜிம்னிக்குப் பெரிய டயர்: லிஃப்ட் கிட் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

[திரையில்: வண்டியின் பின்பக்கம், தரையோடு தரையாக வைத்த கேமரா]

மாருதி சுசுகி ஜிம்னி வாங்கிய கையோடு நிறைய பேர் கேட்கிற கேள்வி, "ரெண்டு இன்ச் லிஃப்ட் போதுமா, மூணு இன்ச் போடணுமா?" என்பது. லிஃப்ட் என்றால் சஸ்பென்ஷனில் மாற்றம் செய்து பாடியைத் தூக்கி உயர்த்துகிற வேலை. ஆனால் கேள்வியே தலைகீழாக இருக்கிறது. முதலில் எந்த டயர் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த டயருக்கு இடம் பற்றவில்லை என்றால்தான் லிஃப்டைப் பற்றியே யோசிக்க வேண்டும். காரணம் தெரிய வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாலே போதும்.

இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற இந்த இரும்புக் குழாய்தான் ஆக்சில். இடையில் புடைத்துக்கொண்டு தொங்குகிற உருண்டை டிஃபரன்ஷியல், வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் கியர்கள் இதற்குள்தான். ஜிம்னியில் முன்னாலும் பின்னாலும் இதே ஏற்பாடுதான், கல் பாதையில் முதலில் அடி வாங்குவதும் பெரும்பாலும் இந்த உருண்டைதான். இப்போது ஸ்பிரிங் எங்கே இருக்கிறது பாருங்கள், ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இன்ச் லிஃப்ட் போட்டால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற சேஸிஸ் என்ற அடிச்சட்டமும் பாடியும் 50 மி.மீ. உயரும், டிஃபரன்ஷியல் ஒரு மி.மீ. கூட உயராது. வேட்டியை மடித்துக் கட்டினால் வேட்டி நனையாது, அதற்காக நாம் வளர்ந்துவிட மாட்டோம், அவ்வளவுதான் விஷயம். லிஃப்டால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லவில்லை. பம்பர் மேட்டில் இடிக்காமல் ஏறலாம், வயிறு தட்டாது. ஆனால் அந்த உருண்டையை உயர்த்த வேண்டுமென்றால் பெரிய டயர் ஒன்றுதான் வழி.

[திரையில்: டயரின் பக்கவாட்டு எழுத்து, நெருக்கத்தில்]

கம்பெனியிலிருந்து வருவது 195/80 ஆர்15. 195 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 80 என்பது பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 15 ரிம்மின் விட்டம் இன்ச்சில். பக்கச்சுவர் 156 மி.மீ. வருகிறது, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு முறை சேர்த்து, ரிம்முக்கு 381 சேர்த்தால் மொத்த விட்டம் 693 மி.மீ. இதே கணக்கை 215/75 ஆர்15-க்குப் போட்டால் 703.5. அதாவது டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைப்பது வெறும் 5 மி.மீ., ஏனென்றால் விட்டம் எவ்வளவு கூடினாலும் அதில் பாதிதான் கீழே வரும். 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733.5, இங்கே 20 மி.மீ. கிடைக்கிறது. டயர் கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கை நீங்களே ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள், கடையில் "சும்மா உட்காரும் சார்" என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

215 பெரிய தொல்லை இல்லாத அளவு, லிஃப்ட் தேவையில்லை, கம்பெனி ரிம்மிலேயே உட்காரும். வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ரோடு என்று ஓட்டுகிறவருக்கு நல்ல ஏடி (ஆல் டெரெய்ன், தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான) டயரில் இந்த அளவே தாராளம் என்பது என் கருத்து. 235-க்குப் போகும்போதுதான் வேலை கூடுகிறது. கம்பெனி ரிம் 5.5 இன்ச் அகலம், 235 டயருக்கு டயர் கம்பெனிகள் சொல்கிற ரிம் அகலம் பெரும்பாலும் 6 இன்ச்சிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் ரிம்மும் மாறுகிறது, ரிம் மாறினால் ஆஃப்செட் என்ற அடுத்த தலைவலி.

ஆஃப்செட் என்பது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காருகிறது என்பதைச் சொல்லும் எண். ஜிம்னியின் கம்பெனி ரிம் பிளஸ் 5. பார்க்க அகலமாக, கம்பீரமாக இருக்கட்டும் என்று மைனஸ் 20 ரிம் வாங்கினால் சக்கரம் 25 மி.மீ. வெளியே தள்ளும், ரிம் அகலம் கூடியதற்கு இன்னொரு 6 மி.மீ. போட்டோவுக்கு நன்றாக இருக்கும். சேறு முழுக்க கதவில் அடிக்கும், பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையில் வெட்டும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். அதோடு டயர் வெளியே போகப் போக, திருப்பும்போது அது வரைகிற வட்டம் பெரிதாகி பம்பர் மூலையில் உரசும். உள்ளே அதிகம் வைத்தாலோ முழு ஒடிப்பில் ஆக்சிலைப் பிடித்திருக்கிற கையில் போய் உரசும். இரண்டுக்கும் நடுவில்தான் இடம்.

[திரையில்: முன் சக்கரம் முழுக்க ஒடித்த நிலையில், மட்கார்டுக்குள் டார்ச் வெளிச்சம்]

உரசலைப் பார்க்கும் முறை இது. கடை வாசலில் சமதரையில் நிறுத்தி ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்துவிட்டு "எங்கயும் படல" என்று சொன்னால் அது பாதிச் சோதனை கூட இல்லை. ஒரு முன் சக்கரத்தை உயரமான கல்லில் ஏற்றுங்கள், அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்க வேண்டும், அமுங்கிய நிலையில் இடதும் வலதும் முழுக்க ஒடியுங்கள், ரிவர்ஸிலும் ஒரு முறை. ஒரு ஆள் வெளியே நின்று மூன்று இடம் பார்க்க வேண்டும்: பம்பரின் கீழ் மூலை, மட்கார்டுக்குள் பின்பக்க பிளாஸ்டிக், உள்ளே அந்த ஆக்சில் கை. பிளாஸ்டிக்கில் பளபளவென்று தேய்ந்த கோடு தெரிந்தால் அங்கே டயர் படுகிறது. பிளாஸ்டிக் லேசாக உரசினால் சூடு காட்டி வளைக்கலாம், கொஞ்சம் வெட்டலாம். பிரேக் ஹோஸுக்கோ ஏபிஎஸ் ஒயருக்கோ பக்கத்தில் டயர் வந்தால் அதில் சமரசமே கிடையாது.

சரி, இதெல்லாம் பார்த்த பிறகும் இடம் பற்றவில்லை, லிஃப்ட் போடத்தான் வேண்டும் என்று வந்துவிட்டது. இரண்டு இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜிம்னியின் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது பான்ஹார்ட் ராடு என்ற ஒரு குறுக்குக் கம்பி, ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். கம்பியின் நீளம் மாறாது. பாடி உயர்ந்ததும் அதன் சாய்வு கூடி ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்க டயர் மட்கார்டை விட்டு வெளியேயும் மறுபக்க டயர் உள்ளேயும் இருப்பது கண்ணுக்கே தெரியும். நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் ராடு போட்டால் இது தீரும். காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்புகிற அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. லிஃப்டினால் முன் ஆக்சில் லேசாகச் சுழன்று காஸ்டர் குறைகிறது. திரும்பி முடித்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் சோம்பேறித்தனம் செய்யும், நாலுவழிச் சாலையில் வண்டி இங்கும் அங்கும் அலையும். இதற்கென்று ஆஃப்செட் புஷ் (துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் புஷ்) விற்கிறார்கள், லிஃப்ட் பில்லோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். அப்புறம், ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் என்ற கட்டை மட்டும் வைத்து பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவிடுகிற மலிவு வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் முழுக்க நீண்டு 'டக்' என்று இழுத்து நிற்கும், ஷாக்கும் சீக்கிரம் ஒழுக ஆரம்பிக்கும்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உங்கள் வண்டியில் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், அங்கே லிஃப்ட் கூடக் கூட டிரைவ் ஷாஃப்டின் மூட்டு வளைந்த நிலையிலேயே சுற்றும், ரப்பர் பூட் கிழியும்.

[திரையில்: மலைப் பாதை, கொண்டை ஊசி வளைவுகள்]

இப்போது இன்ஜின். 1.5 லிட்டர், 105 பிஎஸ், 134 நியூட்டன் மீட்டர். 235 டயரின் விட்டம் 5.8 சதவீதம் பெரிது, அதனால் தரையில் கிடைக்கிற இழுவை 134 இருந்த இடத்தில் ஏறத்தாழ 127 ஆனது போல. சென்னைக்குள் தெரியாது. நாமக்கல் பக்கம் கொல்லிமலை ஏறிப் பாருங்கள், 70 கொண்டை ஊசி வளைவுகள், நாலு பேரும் சாமானும் ஏறியிருந்தால் இரண்டாவது கியரில் போக வேண்டிய இடத்தில் முதல் கியர் கேட்கும். இறங்கும்போது கணக்கு இன்னும் முக்கியம். பெரிய டயர் பிரேக்குக்கு எதிராக நீளமான நெம்புகோலாக வேலை செய்கிறது, எடையும் அதிகம், ஆனால் பிரேக் அதே முன் டிஸ்க், பின் டிரம்தான். கியரைக் குறைத்து இறங்கும் பழக்கம் இல்லாதவர் இந்த டயர் போடவே வேண்டாம்.

ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது முன்பு ஓடியதைவிட 5.8 சதவீதம் வேகமாக ஓடுவீர்கள். கம்பெனி மீட்டர்கள் பொதுவாகவே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் புது டயரில் சரியாகக்கூட வரலாம், போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "டயர் மாத்துனதும் மைலேஜ் விழுந்துடுச்சு" என்று புலம்புவதிலும் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிசகுதான்: மீட்டர் 10,000 கி.மீ. காட்டினால் வண்டி ஓடியது 10,584.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். "ரோட்டில் எத்தனை வண்டி ஓடுது" என்பது அங்கே பதிலாக எடுபடாது.

[திரையில்: பின்கதவில் ஸ்டெப்னி]

டயர் நான்கு வாங்குவதா, ஐந்தா என்று கேட்பார்கள். ஐந்து. ஜிம்னியின் 4எச்-சில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) முன் பின் ஆக்சில்கள் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுச் சுற்றுகின்றன, நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மூன்று சக்கரம் 733, ஒன்று மட்டும் 693 என்று ஓட்டினால் முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பழைய ஸ்டெப்னியைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று வந்தால் 2எச்-சிலேயே (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை), மெதுவாக, பக்கத்து பஞ்சர் கடை வரைக்கும் மட்டும். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்ணான லோட் இண்டெக்ஸ் கம்பெனி டயரின் 96-க்குக் குறையக் கூடாது, அது ஒரு டயருக்கு 710 கிலோ.

காற்று எவ்வளவு என்பதற்கு கதவோரத்து ஸ்டிக்கர் ஆரம்பம்தான், அது பழைய அளவுக்கு எழுதியது. டயரின் குறுக்கே சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள், நேரான தார் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் வெள்ளை நின்றால் குறைவு. ஒரே சீராக அழிகிற அளவைக் குறித்து வையுங்கள், ஆள், சாமான் ஏற்றினால் பின்பக்கம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் முடிந்து ஒரு 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (சரியான அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், புது அலாயில் அவை லேசாகத் தளர்வது உண்டு.