ஃபயர் லைன் வெட்டப் போன இடத்துல ஒரு காட்டுக்கோழிக் கூடு

வணக்கம் மக்களே. ரெண்டு வாரமா வீடியோ வரல. ஏன்னு எனக்குப் பின்னாடி பாத்தாலே தெரியும். புல்லு இல்லாம வெறும் மண்ணாத் தெரியுற ஒரு பட்டை வேலியை ஒட்டியே ஓடுதுல்ல, அது நாங்க வெட்டின ஃபயர் லைன். தீ தாண்டி வராம இருக்க புல்லையும் புதரையும் எடுத்துடுற தடுப்புக் கோடு. இது மசினகுடிக்குப் பக்கத்துல எங்க மாமாவோட பட்டா நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் காடு. நான் இந்தப் பக்கம்தான் நிக்கிறேன், காட்டுக்குள்ள இறங்கல.

தை முடிஞ்சாலே எங்க ஊர்ல எல்லாரும் புல்லைத்தான் பாத்துட்டு இருப்போம். எவ்வளவு காஞ்சிருக்கு, கையில எடுத்து நொறுக்கினா பொடியாகுதா, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, இதுதான் பேச்சு. மாமா பத்து வருசம் தீத்தடுப்புக் காவலர் வேலைக்குப் போனவரு. அவரு ஒரு வார்த்தைதான் சொல்வாரு: "புல்லு படுத்துருச்சுன்னா நாம படுக்கக் கூடாது."

அதனால வேலி ஓரமா வெட்டிட்டே வந்தோம். மூணாவது நாள், ஒரு உண்ணிச்செடிப் புதர்ல, லாண்டனான்னு சொல்வாங்களே அதுல, மாமா அரிவாளை வெச்சதும் கீழ இருந்து சடசடன்னு ஒரு பெட்டைக் காட்டுக்கோழி பறந்துச்சு. குனிஞ்சு பாத்தா, சருகை ஒதுக்கி லேசாக் குழி மாதிரி பண்ணின இடத்துல நாலு முட்டை. ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம்.

புதரை வெட்டினா அந்த நாலு முட்டை போச்சு. வெட்டாம விட்டா, தீ வந்தா நேரா அந்தப் புதர் வழியா உள்ள ஏறி மாமா வீட்டுக்கே வரும். இந்த வீடியோ முழுக்க அதப் பத்தித்தான்.

முதல்ல தீயோட பயம் எவ்வளவு நியாயம்னு சொல்லிடுறேன். 2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போனவங்க காஞ்ச புல்லுச் சரிவுல மாட்டிக்கிட்டு 20 பேருக்கு மேல இறந்துபோனாங்க. அடுத்த வருசம் பிப்ரவரியில பந்திப்பூர்ல பல ஆயிரம் ஏக்கர் எரிஞ்சுச்சு. முதுமலைக்கு ஒட்டின காடுதானே அது, எங்க பக்கத்துல ராத்திரியெல்லாம் யாருக்கும் தூக்கம் இல்ல. அதனால ஃபயர் லைன் வெட்டவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். வனத்துறை ஆளுங்க புல்லை வெட்டிக் காயவெச்சு, காத்து அடங்கின நேரத்துல பச்சைத் தழையைக் கையில வெச்சுக்கிட்டு அந்தப் பட்டையை மட்டும் எரிச்சு முடிக்கிறதை நான் சின்ன வயசுல இருந்து பாக்குறேன். உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுச் செய்ற வேலை.

ஆனா தீயே இல்லாத காடுதான் நல்ல காடா? இங்கதான் நான் நின்னு பேசணும்னு நினைக்கிறேன்.

எங்க பக்கத்துக் காடு இலையுதிர் காடு, அதுக்குக் கீழ சீகூர்ப் பக்கம் முள்ளுக்காடு. கருமருது மரத்தோட பட்டையைப் பாத்திருக்கீங்களா? முதலை முதுகு மாதிரி தடியா வெடிச்சு வெடிச்சு இருக்கும். சின்னத் தீயைத் தாங்கிப் பழகின பட்டை அது. முதுமலைக்குள்ள இந்திய அறிவியல் கழகத்துக்காரங்க 50 ஹெக்டேர் இடத்தை எடுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு 1988-ல இருந்து கவனிச்சுட்டு வர்றாங்க. தீ வந்தா பெரிய மரங்கள் பெரும்பாலும் பிழைச்சுக்குது, சின்னக் கன்னுங்க மேல கருகிடுது, ஆனா அதுல நிறைய கன்னு வேர்ல இருந்து திரும்பவும் துளிர்க்குது. வருசா வருசம் எரிஞ்சா மட்டும் அந்தக் கன்னுக்கு மரமாகுற வாய்ப்பே கிடைக்காது. எரியுதாங்கிறதை விட எத்தனை வருசத்துக்கு ஒரு தடவை, எந்த மாசம், எவ்வளவு சூட்டுல எரியுதுங்கிறதுதான் பெரிய விசயம். மலை உச்சிப் பள்ளத்துல எப்பவும் பச்சையா இருக்குற சோலைக்காட்டுக்கு இந்தக் கணக்கே கிடையாது, அங்க தீ புகுந்தா அழிவுதான். ஊட்டிப் பக்கம் போனா வேற கதை, அத இன்னொரு நாள் பேசுறேன்.

கர்நாடகாவுல சாமராஜநகர் மாவட்டத்துல பிளிகிரிரங்கன் மலை இருக்கு. அங்க இருக்குற சோளிகர் மக்கள் 'தரகு பெங்கி'ன்னு சொல்வாங்க. சருகுத் தீன்னு அர்த்தம். பனி ஈரம் இன்னும் அடியில இருக்கும்போதே, கோடை தொடங்குறதுக்கு முன்னாடி வெச்சிடுவாங்க. தீ முழங்கால் உயரத்துக்கு மேல எழும்பாம தவழ்ந்து போகும். சருகு எரியும், உண்ணிச்செடியோட குட்டி நாத்து எரியும், பெரிய மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. நெல்லி மரத்துல ஏறி உறிஞ்சுற புல்லுருவி கூட அதனால கட்டுக்குள்ள இருந்துச்சுன்னு அங்க உள்ள பெரியவங்க சொல்றாங்க. 1974-ல அந்த மலை சரணாலயமாச்சு, தீ வைக்கிறது நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் உண்ணிச்செடி காட்டையே மூடுச்சுங்கிறது அவங்க கணக்கு. ஆராய்ச்சி பண்ணினவங்களும் இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியிருக்காங்க. அனுபவத்துல வந்த அறிவை இத்தனை வருசம் குற்றமா மட்டும் பாத்தது தப்புன்னுதான் எனக்குப் படுது.

சரி, அப்போ நாளைக்கே போய் அதே மாதிரி கொளுத்திடலாமான்னா, முடியாது. முதல் காரணம் சட்டம். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துல யாரும் தீ வைக்கக் கூடாது, தயவுசெஞ்சு யாரும் முயற்சி பண்ணாதீங்க. ரெண்டாவது காரணம் உண்ணிச்செடியேதான். வெள்ளைக்காரன் அழகுக்குன்னு 1800-கள் தொடக்கத்துல கொண்டுவந்த அமெரிக்கச் செடி இன்னைக்கு ஆள் உயரத்துக்கு மேல நிக்குது. மரத்தைப் பிடிச்சு ஏறுது. தரையில தவழ வேண்டிய தீ இதைப் பிடிச்சு ஏணி மாதிரி மரத்து உச்சிக்குப் போயிடுது. தழையால அடிச்சு அணைக்கலாம்னா கிட்டயே போக முடியாது, அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு சூடு. எரிஞ்சு முடிஞ்சு ஒரு மழை பெய்ஞ்சா வேர்ல இருந்து அதுதான் முதல்ல துளிர்க்கும்.

நாம வெட்டுற ஃபயர் லைன்லயும் ஒரு சிக்கல் இருக்கு. வெயில் படுற மாதிரி காட்டைத் திறந்துவிட்டா அங்க முதல்ல வந்து உக்காருறது இதே உண்ணிச்செடியும் பார்த்தீனியமும்தான். பழத்தைத் தின்னுட்டுக் கொண்டைக்குருவி விதை போட்டுட்டே போகுது. அதனால தீயைத் தடுக்க வெட்டின கோடே ரெண்டு மழைக்கு அப்புறம் தீக்கு விறகாகி நிக்கும். வெட்டினா மட்டும் போதாது மக்களே. அடுத்த மழையிலயும், அதுக்கடுத்த மழையிலயும் திரும்ப வந்து நாத்தைப் பிடுங்கணும். உண்ணிச்செடியை மேலோட்டமா அறுத்துட்டுப் போனா ஒரு பிரயோஜனமும் இல்ல. மண்ணுக்குக் கீழ வேர்த்தண்டை வெட்டி, செடியைத் தலைகீழாக் கவிழ்த்துப் போடணும். அப்பதான் திரும்ப வேர் பிடிக்காது. அந்த இடத்துல நம்ம ஊருப் புல்லு வரணும். மான், காட்டெருமை மேய்ஞ்சு புல்லு குட்டையா இருந்தாலே தீக்குப் பாதி பலம் போயிடும்.

வெட்டின தண்டுக்கும் வழி இருக்கு. கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் அதுல நிஜ யானை அளவுக்கு யானை செய்றாங்க. அந்த யானைங்க லண்டன் பூங்காவுல நின்னுச்சு, அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு. எனக்கு அதுல அவ்வளவு சந்தோசம். முதுமலைக்குள்ள பரவுற மஞ்சக்கொன்னைங்கிற வெளிநாட்டு மரத்தையும் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புறாங்க. 2022-ல தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்குன்னே ஒரு கொள்கை கொண்டுவந்துச்சு.

ஆனா உண்ணிச்செடியை ஒரே மூச்சுல அழிக்கலாம்னு சொல்றவங்ககிட்ட நான் அந்த நாலு முட்டையைத்தான் சொல்வேன். இத்தனை வருசத்துல காட்டுக்கோழி, கவுதாரி, பன்னி, சில இடத்துல சிறுத்தை கூட அதுக்குள்ளதான் ஒதுங்குது. வேற புதர் இல்லையே, அதுங்க எங்க போகும்? கொஞ்சம் கொஞ்சமா, ஒரு துண்டு எடுத்து அங்க புல்லும் நம்ம ஊருப் புதரும் வந்ததுக்கப்புறம் அடுத்த துண்டுன்னு போகணும். மாசமும் பாக்கணும். மாசி, பங்குனியில தரையில கூடு கட்டுற பறவைங்க நிறைய. மாயாறு ஓரத்து நீர்மருதுல பாறு கழுகு குஞ்சு வளர்க்கிறதும் இந்த நேரம்தான். அதனால கோடு வெட்டுற வேலையெல்லாம் மார்கழி, தையிலேயே முடிஞ்சிருக்கணும். நாங்க இந்த வருசம் லேட். அறுவடையால தள்ளிப்போச்சு, அந்தத் தப்பு எங்களோடது.

அன்னைக்கு என்ன பண்ணினோம்னா, மாமா அரிவாளைக் கீழ போட்டுட்டு ஒரு குச்சியை எடுத்து அந்தப் புதரைச் சுத்தி மண்ணுல கோடு கிழிச்சாரு. பத்தடி அகலம். "இதுக்குள்ள யாரும் போகாதீங்க. கோட்டைச் சுத்தி எடுத்துட்டுப் போவோம்"னாரு. ஃபயர் லைன் அந்த இடத்துல மட்டும் வளைஞ்சு போகுது, தெரியுதா? புதருக்கு இந்தப் பக்கம் ரெண்டு மடங்கு அகலமா வெட்டியிருக்கோம். அதுக்கு மட்டும் ஒரு நாள் கூடுதல் வேலை.

நான் பக்கத்துல போய்க் காட்ட மாட்டேன். கேமராவை அங்க இருந்து ஜூம் பண்ணினதுதான் இது. சருகு நிறத்துலயே ஒரு உருண்டை தெரியுது பாருங்க, இடது பக்கம். அதுதான். ரெண்டாம் நாள் காலையிலேயே திரும்ப வந்து உக்காந்துருச்சு. பொரிய மூணு வாரம் ஆகும். குஞ்சுங்க தாய் பின்னாடி இறங்கிப் போனதும் அந்தப் பத்தடியையும் வேரோட எடுத்துடுவோம். அதுவரைக்கும் மாமா தினம் சாயங்காலம் மருந்தடிக்கிற ஸ்பிரேயர்ல வெறும் தண்ணியை நிரப்பி, காட்டுப் பக்கம் இருக்குற புல்லை மட்டும் நனைச்சுட்டு வர்றாரு.