கூடம் இருந்தால்தானே ஆட்டம்!

(நாடக மன்ற ஆண்டு விழாப் பேச்சின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்களைப் பெருமைப்படுத்தியிருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஆணையர் அவர்களே, மைக் செட்டுக்குக் காசே வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த வர்த்தகர் சங்க அண்ணாச்சி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தம்பிமார்களே, தாய்மார்களே, வணக்கம். ஆணையர் ஐயாவுக்கு அடுத்த கூட்டம் இருக்கிறதாம். கிளம்புவதற்குள் ஒரு விஷயத்தை அவர் காதில் போட்டாக வேண்டும்.

ஜெர்மன் நடிகை தெரேஸே கீஸே பற்றிப் பேசச் சொன்னார்கள். அவரது மேடை, அவரது சினிமா, அவரது கடைசிக் காலம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

1898இல் மியூனிக்கில் யூதத் துணி வியாபாரி வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். பருத்த உடம்பு. இந்த முகத்துக்கு மேடையா என்று கேட்டவர்கள் உண்டு. சின்ன ஊர்க் கொட்டகைகளில் ஆடி ஆடி, 1926இல் மியூனிக்கின் பெரிய அரங்குக்கே வந்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த அம்மா எந்தக் கூடத்தையும் கோணல் என்று சொன்னவர் இல்லை.

1933 ஜனவரி 1 அன்று, ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மானின் பிள்ளைகள் எரிகா, கிளாவ்ஸ் இருவருடனும் சேர்ந்து ‘மிளகு ஆலை’ என்ற அரசியல் நையாண்டி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதே மாதம் ஹிட்லர் பதவிக்கு வந்தார். மார்ச் மாதம் கீஸே ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மறுபடி நடத்தினால், அங்கேயும் நாஜி அபிமானிகள் புகுந்து ரகளை!

இங்கே ஒரு கல்யாணக் கதை. தாய்மார்கள் கேளுங்கள். நாடு விட்டு நாடு போக பாஸ்போர்ட் வேண்டும். யூதருக்கு ஜெர்மனி தருமா? இங்கிலாந்துக் கவிஞர் ஆடன், எரிகாவைப் பெயருக்கு மணந்துகொண்டு பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கித் தந்தார். அடுத்து கீஸேக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்! ஜான் ஹாம்ப்சன் என்ற நாவலாசிரியர். பர்மிங்காம் பக்கத்தில் ஒரு வீட்டில், மனவளர்ச்சி குன்றிய ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு பேருக்குமே குடித்தனம் நடத்தும் எண்ணம் துளியும் கிடையாது. ஜாதகம் பார்க்கவில்லை, சீர் பேசவில்லை, பந்தி இல்லை, மொய் இல்லை. 1936இல் கையெழுத்துப் போட்டார்கள். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். நம் வீடுகளில் பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டியவர்களில் எத்தனை பேர் ஒருத்தருக்கொருத்தர் இவ்வளவு உதவியாக இருந்திருக்கிறோம்? முன்வரிசை ஐயாமார்கள் பதில் சொல்ல வேண்டாம், வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருக்கிறார்கள். ஹாம்ப்சன் 1955இல் இறக்கும்வரை அந்தக் கல்யாணம் ரத்தாகவில்லை.

தலைவர் அம்மா, இனிமேல்தான் கவனிக்க வேண்டும். கீஸே நடித்த சூரிச் நாடக அரங்கின் உரிமையாளர் 1938இல் அதை விட்டுப் போனார். எமில் ஓப்ரெஹ்ட் என்ற பதிப்பாளர் முன்னின்று புதுக் கம்பெனி அமைத்தார். நகராட்சியும் கைகொடுத்தது. நகராட்சி, அம்மா!

அப்படித் தப்பிய மேடையில்தான் 1941இல் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘தாய் கரேஜ்’ முதன்முதலாக அரங்கேறியது. படைகளின் பின்னால் வண்டியில் சரக்கு விற்றுப் பிழைக்கும் தாயாக கீஸே. படையினரிடம் பிடிபட்ட மகனை மீட்கப் பணம் வேண்டும். வண்டியை அடகு வைத்துப் பேரம் பேசுகிறாள். பேரம் முடிவதற்குள் வேட்டுச் சத்தம். பிணத்தைக் கொண்டுவந்து, ‘இவனைத் தெரியுமா?’ என்கிறார்கள். தெரியும் என்றால் அவளுக்கும் ஆபத்து. தெரியாது என்று தலையாட்டியாக வேண்டும். சூரிச் சபை அந்தத் தாய்க்காக உருகியது. பின்லாந்தில் அகதியாக இருந்த பிரெக்டுக்கு அது பிடிக்கவில்லை. போரில் பிழைப்பு நடத்துகிறவள்மேல் இரக்கமா என்று, பின்னால் சில காட்சிகளையே மாற்றி எழுதினார். எழுதியவனையே திருத்த வைத்த நடிப்பு, என் கணக்கில்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியும், ஐயா. கூடம்தான் இல்லை! நம் ஊர்க் கலையரங்கத்தில் மாதக்கணக்கில் புடவைத் தள்ளுபடி விற்பனை. ஒத்திகைக்குக் கேட்டால் ‘புக்கிங் ஆகிவிட்டது’. நாடகத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே வாடகை. இது நியாயமா?

மணி அடித்துவிட்டார்கள். சினிமாவா? பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் இரண்டு படங்களில் நடிக்கவைத்தார். 1975இல் மியூனிக்கில் கீஸே காலமானார். மீதியை அடுத்த விழாவில் சொல்கிறேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, பாதி வாடகை. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆணையர் ஐயா, உங்கள் பிரதி இதோ என் கையில். வணக்கம்.